சம்பா கோயிலில் ஒரு பிற்பகல்

புதுவைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள காலாப்பட்டில் பல ஆண்டுகளாகக் குடியிருந்தும், நகரின் மிஷன் வீதியில் நிற்கும் அமலோற்பவ அன்னை பேராலயத்தை நான் வெளியிலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன். பெருநாளுக்குத் துணி எடுக்க நேரு வீதிக்குப் போகும்போதெல்லாம் அதன் இரட்டைக் கோபுரங்கள் கண்ணில் படும், அத்துடன் சரி. சென்ற மாதம், வரலாறு பயிலும் என் மூத்த மகள் கல்லூரிக் கட்டுரை ஒன்றுக்காக அங்கே அழைத்துப் போகும்படி கேட்டாள். கேட்டதோடு நில்லாமல், "அத்தா, நாம் உள்ளே போகலாமா?" என்றும் வினவினாள். மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனின் மகள் வேறெப்படிக் கேட்பாள்?

இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர்களுடைய வழிபாட்டில் பங்கு கொள்ளாமல் பார்த்து வருவதை அனுமதித்தோரும் உளர் என்று சொன்னேன். நஜ்ரானிலிருந்து மதீனாவுக்கு வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவினர் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே தம் தொழுகையை நிறைவேற்ற விடப்பட்டனர் என்று சீறா நூல்கள் கூறுவதையும் எடுத்துரைத்தேன். லுஹர் தொழுதுவிட்டுப் பேருந்து ஏறினோம்.

பூசை இல்லாத நேரம். முகப்பில் இரண்டிரண்டாக இணைந்து நிற்கும் தூண்களை மகள் தன் குறிப்பேட்டில் வரைந்துகொண்டாள். கீழடுக்குத் தூண்கள் ஒரு பாணி, மேலடுக்குத் தூண்கள் வேறொரு பாணி. இரண்டும் கிரேக்கர் உலகுக்குத் தந்தவை. உள்ளே வளைந்த கூரையின் கீழ் நாலைந்து பேர் மண்டியிட்டு இருந்தனர். அவர்களுக்கு இடையூறின்றி, பின்வரிசைப் பலகையில் ஓரமாக அமர்ந்தோம்.

பழம்புதுவையார் இதைச் சம்பா கோயில் என்றே சொல்லுவர். 'சேன் போல்' என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த புனித பவுலின் பெயர்தான் தமிழ் நாவில் உருண்டு சம்பாவாகிவிட்டது. இயேசு சபைத் துறவியர் இங்கு வந்தது 1689இல். பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் பொருளுதவியுடன் 1692இல் எழுந்த முதற்கோயில், மறு ஆண்டே டச்சுக்காரர் ஊரைப் பிடித்தபோது இடிபட்டது. அடுத்து அவசரமாகக் கட்டியதும் நிலைக்கவில்லை. 1728 முதல் 1736 வரை பெரிதாக எழுப்பிய கோயிலோ, 1761இல் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின் நகரோடு சேர்த்துத் தகர்க்கப்பட்டது. இன்று நாம் காணும் கட்டடத்தின் பணி 1770இல் தொடங்கி, 1791 ஜூன் 20ஆம் நாள் அர்ச்சிப்பு நடந்தது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கூடக் கிறிஸ்தவர்களே என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும்.

இடிபட்டவர்கள் இடித்ததும் உண்டு. இக்கோயிலுக்கு அடுத்தாற்போல் வேதபுரீசுவரர் ஆலயம் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயரின் முற்றுகை நெருங்கிய நேரம் பார்த்து, ஆளுநர் துய்ப்ளேக்சின் ஆட்சியில் அது தரைமட்டமாக்கப்பட்டது. அதைக் கண்டு நெஞ்சு பதைத்து எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்சிடமே துபாஷாக இருந்தவர். ஈசுவரன் ஆலயம் பின்னர் வேறிடத்தில் கட்டப்பட்டது. அயலாரின் வணக்கத்தலம் இடிபடுவது என்னவென்று நம் தலைமுறையினருக்கு 1992க்குப் பின் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே பிள்ளையவர்களின் நாட்குறிப்பில், 1745 அக்டோபர் மாதத்தில், வேறொரு செய்தி இருக்கிறது. என் மனத்தை அன்று விடாமல் பிடித்துக்கொண்டது அதுதான். அக்காலத்துக் கோயிலின் உள்ளே ஒரு சுவர் இருந்ததாம். சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம். தாழ்த்தப்பட்டோர் மறு பக்கம். சுவருக்கு அப்பால் இருந்தவர்கள் பெரிய பாதிரியாரிடம் சென்று, நாங்களும் உங்கள் சீடர்கள் அல்லவா என்று முறையிட, அவர் மனமிரங்கிச் சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறிஸ்தவர்கள் சினந்தனர்; ஊரே அதைப் பேசிற்று. அத்துடன் தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் சாதி ஒழிந்துவிடவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கோயிலைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் வீழ்ந்தது.

இதை நான் சொல்லக் கேட்ட மகள், சட்டென்று, "நம் பள்ளிவாசலில் அப்படி இல்லையே அத்தா! ஸஃப்பில் யார் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாமே" என்றாள். அவள் சொன்னது உண்மை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்நேரம் என் மாணவர் ஒருவரின் முகம் நினைவில் வந்து நின்றது. அவருடைய பெற்றோர் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். இனிமையாக ஓதுவார், நல்ல வேலையும் இருந்தது. ஓர் ஊரில் அவருக்காகப் பெண் கேட்டுப் போன நால்வரில் நானும் ஒருவன். பெண்ணின் பெரியவர்கள் எங்களுக்குத் தேநீர் தந்து, உபசரித்து, "பரம்பரையாக முஸ்லிமா?" என்ற ஒரே கேள்வியுடன் பேச்சை முடித்துக்கொண்டார்கள். அந்த வீட்டார் ஐவேளையும் பள்ளியில் முதல் ஸஃப்பில் நிற்பவர்கள். எனக்கு ஆயத்தும் ஹதீஸும் தெரியாதா? அன்று ஒன்றையும் எடுத்துச் சொல்லாமல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். திரும்பும் வழியில் அந்தப் பிள்ளைதான் எனக்கு ஆறுதல் கூறினார்.

இதை மகளிடம் அங்கேயே சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "நீங்கள் ஏன் பேசவில்லை?" என்று கேட்டாள். விருந்தாளியாகப் போன இடம் என்று ஏதோ சொன்னேன். அது காரணமாகாது என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாயிலில் பூ விற்ற மூதாட்டி மகளின் முக்காட்டைப் பார்த்து, "பாப்பா எந்த ஊரு?" என்று விசாரித்தார். காலாப்பட்டு என்றதும், அங்கே தம் தங்கையைக் கொடுத்திருப்பதாகச் சொல்லி, தங்கை வீட்டின் அடையாளத்தையெல்லாம் விவரித்தார். தெற்கே நடந்து குத்பா பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். அஸர் ஜமாஅத்துக்கு இகாமத் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கம் நின்றவரின் சட்டையில் மீன் வாடை அடித்தது. இடப்பக்கம் நின்றவர் அத்தர் பூசியிருந்தார்.

பேருந்தில் மகள் வெகுநேரம் பேசவில்லை. கருவடிக்குப்பம் தாண்டியதும், "அந்த அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா அத்தா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.