வாடிவாசலில் இரண்டே வினாடி... பாயும் காளையைப் படத்தில் பிடிப்பது எப்படி?

மதுரைக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அலங்காநல்லூர். வருடத்தின் மற்ற நாள்களில் பஸ்ஸும் டூவீலரும் போய்வரும் சாதாரண ஊர்தான். ஆனால், தை மாதம் 3-ம் நாள் மட்டும் அந்த ஊர்த் தெரு மைதானமாக மாறிவிடும். தெருவின் ஒரு முனையில் வாடிவாசல். இருபுறமும் கேலரிகள், தடுப்பு வேலிகள். வீட்டு மாடிகளில் இடமில்லாமல் நிற்கும் சொந்தபந்தங்கள். இவர்களுக்கு நடுவே, தூசியில் நனைந்த துணியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டு நிற்கும் புகைப்படக்காரர்கள்.

வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறார்கள். சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தால் பலருக்கும் மிஞ்சுவது தூசி, வீரர்களின் முதுகு, பாதி வால்! காளையின் கண்ணும், திமிலைத் தழுவிய கையும் ஒன்றாகத் தெரியும் படம் அபூர்வம். ஏன் அவ்வளவு கஷ்டம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஜல்லிக்கட்டு விதிப்படி, மாடுபிடி வீரர் காளையின் திமிலை மட்டுமே பிடிக்கலாம். 15 மீட்டர் தூரம், அல்லது 30 வினாடி, அல்லது காளையின் மூன்று துள்ளல் வரை விடாமல் பிடித்திருந்தால் வெற்றி. கொம்பைப் பிடிப்பதும், வாலைப் பிடித்து இழுப்பதும் கூடாது.

காளை வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 15 மீட்டரைக் கடக்க இரண்டு வினாடிகூட ஆகாது. கேமராவின் ஷட்டர் ஒரு வினாடியில் 125-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் காளை ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். படம் கலங்கிப்போகும். அதையே 1,000-ல் ஒரு பங்காகக் குறைத்தால் நகர்வு 8 மில்லிமீட்டர்தான். கொம்பின் நுனிகூடக் கூர்மையாக விழும்.

ஆனால், இதற்கு ஒரு விலை உண்டு. ஷட்டர் 8 மடங்கு வேகமானால், உள்ளே வரும் வெளிச்சமும் 8 மடங்கு குறையும். நடுப்பகலில் இது பிரச்னையே இல்லை. ஆனால், ஜல்லிக்கட்டு தொடங்குவது காலை 7 மணி வாக்கில். ஜனவரியில் மதுரைப் பக்கம் சூரியன் உதிப்பதே ஆறரை மணிக்கு மேல்தான். பனி முழுதாக விலகியிருக்காது. வேகம் அதிகம், வெளிச்சம் குறைவு என்ற இந்த இக்கட்டோடுதான் புகைப்படக்காரரின் நாள் தொடங்குகிறது.

காலை: இருட்டிலிருந்து வரும் காளை

முதலில் கோயில் காளைகள் அவிழ்க்கப்படும். அவற்றை யாரும் பிடிக்க மாட்டார்கள், அது மரியாதை. அனுபவம் உள்ளவர்கள் இந்த நேரத்தை வீணாக்குவதில்லை. வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது, காளை எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தத் தூணுக்குப் பின்னால் மறைகிறது என்பதையெல்லாம் இந்தக் காளைகளை வைத்தே சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

வாடிவாசல் ஒரு குறுகலான வழி. உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம். கேமராவைத் தானியங்கியில் விட்டால், உள்ளிருக்கும் இருட்டைப் பார்த்து ஏமாந்துவிடும். காளை வெளியே வந்ததும் படம் வெளுத்துப்போகும். எனவே, வெளியே தரையில் விழும் வெளிச்சத்துக்கு ஏற்ப அளவை முன்கூட்டியே வைத்துப் பூட்டிவிடுவதுதான் வழி. காளைக்குக் காளை நிறம் மாறும். தெருவின் வெளிச்சம் அப்படி நொடிக்கு நொடி மாறாது.

ஃபோகஸுக்கும் இதே உபாயம்தான். காளையைத் துரத்தாமல், அது வரப்போகும் இடத்தில் ஃபோகஸ் செய்து காத்திருக்க வேண்டும். வீரர்கள் வாசலின் இரு பக்கமும் ஒட்டி நிற்பார்கள். காளை தலையை நீட்டியதும் பக்கவாட்டிலிருந்து பாய்வார்கள். ஆகவே, திமிலும் கையும் சந்திக்கும் இடம் வாசலை ஒட்டிய சில அடிகளுக்குள்தான் அமையும். அதுதான் குறிவைக்க வேண்டிய இடம்.

எப்போது அழுத்துவது? காதைத் தீட்டிக்கொண்டால் போதும். யாருடைய காளை, எந்த ஊர், பிடித்தால் என்ன பரிசு என்று மைக்கில் வர்ணனை வந்துகொண்டே இருக்கும். கூட்டத்தின் சத்தம் சட்டென்று ஏறும். கண் பார்ப்பதற்கு முன்பே காது சொல்லிவிடும். காளை வந்த பிறகு பட்டனை அழுத்தினால் அது போய்விட்டிருக்கும்.

மதியம்: காரியும் மயிலையும்

வெயில் ஏறியதும் வேறு தலைவலி. தரையில் பரப்பியிருக்கும் தென்னை நார்க்கழிவு வெயிலில் பளிச்சிடும். அதன்மேல் கறுகறுவென்று ஒரு காரிக்காளை வந்தால் கண், மூக்கு எதுவும் தெரியாமல் கறுப்புக் கட்டியாகப் பதியும். அடுத்ததாக ஒரு மயிலைக்காளை வந்தால் திமிலின் மடிப்புகள் வெளுத்து மறையும்.

ஒரே அளவை வைத்து இரண்டையும் காப்பாற்றுவது சிரமம். பலரும் கையாளும் வழி, வெள்ளைக்கு ஏற்ப அளவு வைத்துவிட்டு, கறுப்பைப் பிறகு எடிட்டிங்கில் கொஞ்சம் தூக்கிக்கொள்வது. நிழலில் ஒளிந்திருக்கும் விவரத்தைப் பெரும்பாலும் மீட்கலாம். வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

மதியம்தான் நின்று விளையாடும் காளைகளுக்காகப் பொறுமையோடு காத்திருக்க ஏற்ற நேரமும்கூட. சில காளைகள் ஓடாது. நடுக்களத்தில் நின்று, காலால் தரையைக் கிளறி, ஒரு வட்டமடித்து, கிட்டே வர யாருக்குத் துணிச்சல் என்று பார்க்கும். வீரர்கள் வேலிக் கம்பில் தொற்றிக்கொள்வார்கள். அப்போது களத்தின் நடுவே காளை தனியாக நிற்கும். பின்னணியில் தொங்கும் கால்கள், முன்னால் திமில் என்று ஒரு முழுக்கதையும் ஒரே படத்தில் அடங்கும்.

மாலை: தூசியும் கலங்கலும்

நான்கு மணிக்கு மேல் வெயில் சாயும். காளையின் குளம்பு கிளப்பும் தூசிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால், அந்தத் தூசியே மஞ்சள் திரையாகிவிடும். காலையிலிருந்து லென்ஸைக் கெடுத்த அதே தூசிதான்!

இந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஷட்டரை 60-ல் ஒரு பங்குக்கு இறக்கி, ஓடும் காளையின் வேகத்துக்கே கேமராவையும் பக்கவாட்டில் நகர்த்தினால், காளையின் முகம் ஓரளவு தெளிவாகவும் பின்னால் இருக்கும் கூட்டம் கோடு கோடாகவும் விழும். பத்துக்கு ஒன்று தேறினாலே அதிர்ஷ்டம். ஆனால், உறைந்து நிற்கும் படத்தில் வராத ஓட்டம் அதில் வந்துவிடும்.

இரண்டு வினாடியை நீட்டிப் பார்க்கும் ஆசை புகைப்படக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. சி.சு.செல்லப்பா 'வாடிவாசல்' குறுநாவலில் ஒரு ஜல்லிக்கட்டுப் பொழுதை வைத்தே முழுக்கதையையும் சொல்லியிருப்பார்.

படம் சாட்சியும்கூட

ஜல்லிக்கட்டுப் படங்கள் வெறும் அழகுக்காக மட்டும் பார்க்கப்படுவதில்லை. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது, விலங்கு நல வாரியம் தாக்கல் செய்த கள அறிக்கைகளும் படங்களும் வழக்கில் முக்கிய இடம் பிடித்தன. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டபோது, செல்போன் வெளிச்சத்தால் கடற்கரை மின்னிய படங்கள் நாடெங்கும் பரவின. அதன்பின் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அது செல்லும் என்றது.

ஒரு தரப்புக்குக் கொடுமையின் ஆதாரம். மறு தரப்புக்கு வீரத்தின் அடையாளம். இரண்டுமே ஒரே களத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுக்கப்பட்ட படங்கள்தான். அதனால்தான் எந்த நொடியில் பட்டனை அழுத்துகிறோம் என்பது பெரிய விஷயமாகிறது. ஒருவர் திமிலைத் தழுவிப் போகும் படமும், நாலைந்து பேர் ஒரே காளையின்மேல் தொங்கும் படமும் ஒன்றல்ல. இரண்டாவதை நடந்தது நடந்தபடி காட்டுவதும் புகைப்படக்காரரின் வேலைதான். வால் முறுக்கப்பட்டதை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை மட்டும் வெளியிடுவது நேர்மையாகாது.

இன்னொன்றும் உண்டு. களத்தில் காயம்படுபவர் யாரோ ஒரு வீட்டின் பிள்ளை. ஆம்புலன்ஸ் கிளம்புவதற்குள் ரத்தம் வழியும் முகம் வாட்ஸ்அப்பில் பறந்துவிட்டால், போன் அழைப்புக்கு முன்பே படம் அம்மாவின் கைக்குப் போய்விடும். எடுத்த படத்தை எல்லாம் உடனே அனுப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் வேண்டாம்!

ஜல்லிக்கட்டில் காயம்படுவது வீரர்கள் மட்டுமல்ல, வேடிக்கை பார்ப்பவர்களும்தான். அதிலும், களத்தைத் தாண்டி ஓடிவரும் காளைகளை உரிமையாளர்கள் கயிறு போட்டுப் பிடிக்கும் சேகரிப்பு இடம் ஆபத்தானது. வாடிவாசலில் இருக்கும் எச்சரிக்கை உணர்வு அங்கே யாருக்கும் இருப்பதில்லை. மிரண்டு வரும் காளைக்கு யார் வீரர், யார் செல்ஃபி எடுப்பவர் என்று தெரியாது. கேமரா வழியாகப் பார்க்கும்போது தூரம் தவறாகத் தெரியும். ஜூம் லென்ஸில் அருகில் இருப்பது தூரத்திலும், அகன்ற லென்ஸில் தூரத்தில் இருப்பதாகத் தெரிவது காலடியிலும் இருக்கலாம். தடுப்பு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி எடுக்க முடியாத படம், எடுக்க வேண்டாத படம்.

கையில் போன் மட்டும்தான் இருக்கிறதா?

* கேலரியில் உயரமான இடத்தைப் பிடியுங்கள். கீழே நின்றால் முன்னால் இருப்பவரின் கைகள்தான் படத்தில் விழும்.

* திரையில் வாடிவாசலுக்கு வெளியே இருக்கும் தரையைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

* நைட் மோடு வேண்டாம். அது பல படங்களை எடுத்து ஒன்றாக்கும். ஓடும் காளை அதில் பேயாகத் தெரியும்.

* ஒரே ஒரு படத்துக்குப் பதில் தொடர் படங்களாக எடுங்கள். காளை வரும் முன்பே தொடங்குங்கள்.

* விரலால் விரித்து அளவுக்கு மீறி ஜூம் செய்ய வேண்டாம். அகலமாக எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

* தூசி படிந்த லென்ஸைச் சட்டையால் துடைக்காதீர்கள். முதலில் ஊதிவிட்டு, மெல்லிய துணியால் துடையுங்கள்.

* அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

எங்கே, எப்போது?

தை 1-ல் அவனியாபுரம், தை 2-ல் பாலமேடு, தை 3-ல் அலங்காநல்லூர். ஆங்கில மாதத்தில் ஜனவரி 14 முதல் 17-க்குள் வரும். அவனியாபுரத்தில் சாலையே களம். பாலமேட்டில் மஞ்சமலை ஆற்றுத் திடல் என்பதால் வானம் திறந்து கிடக்கும். வெளிச்சமும் தூசியும் தாராளம். அலங்காநல்லூரின் நெருக்கமான தெருவில் கூட்டத்தின் முகங்கள் பின்னணியாக அமையும். நெரிசல் பயம் உள்ளவர்களுக்கும், குழந்தைகளோடு வருபவர்களுக்கும் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஏறுதழுவுதல் அரங்கம் வசதியாக இருக்கும். அங்கே போட்டி நடக்கும் நாள்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

போட்டி நாள்களில் வாகனங்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். நடக்கத் தயாராக, தண்ணீர் பாட்டிலோடு, விடியும் முன்பே கிளம்புவது நல்லது. பேட்டரியை முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஆயிரம் காளைகள் அவிழ்க்கப்படும் நாள் அது.

நடுவில் ஒரு பத்துக் காளைகளுக்காவது போனைப் பையில் போட்டுவிட்டு, வெறும் கண்ணால் பாருங்கள். காளை எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறது, எங்கே திரும்புகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். பதினோராவது காளைக்குக் கை தானாகவே சரியான நேரத்தில் பட்டனுக்குப் போகும்.