வசனம் இல்லாத நாட்கள்

நான் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. பிறந்தது பெங்களூரு காக்ஸ் டவுன். இப்போது இருப்பது ஹொரமாவு. நடுவில் ஒரு ரயில் பாதையும் ஒரு ரிங் ரோடும். ஆட்டோக்காரர் மனசு வைத்தால் அரை மணி நேரம். நான் தொலைத்ததெல்லாம் அந்த அரை மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறது. இந்த டிசம்பரிலும் அங்கே நடக்கும். எனக்குத்தான் இல்லை. துபாய்க்கும் டொரொண்டோவுக்கும் போனவர்கள் ஏங்கினால் நாலு பேர் காது கொடுத்துக் கேட்பார்கள். பக்கத்துப் பேட்டையை நினைத்து ஏங்குகிறவள் யாரிடம் போய்ச் சொல்வது?

1987இல் நைனா எங்களைச் சபை மாற்றினார். அதுவரை தமிழ் சி.எஸ்.ஐ. சர்ச், அங்கி போட்ட ஐயர், மணிக்கூண்டு. அதன்பின் தகரக் கூரை, பாஸ்டர், கைதட்டல். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த கையோடு பண்டிகைகள் போயின. கலாத்தியர் நாலாம் அதிகாரத்தைப் பிரித்துவைத்தார் பாஸ்டர். நாள் பார்க்கிறீர்கள், மாதம் பார்க்கிறீர்கள், உங்களுக்காகப் பாடுபட்டது வீணோ என்று பவுல் அங்கே மனம் நொந்துகொள்கிறார். கிறிஸ்மஸ் கொண்டாடச் சொல்லி வேதத்தில் எங்காவது ஒரு வசனம் காட்டுங்கள் என்றார். யாரால் முடியும்? இயேசு பிறந்த தேதி எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. டிசம்பர் 25 என்பதே ரோமாபுரியில் 354இல் தொகுத்த ஒரு நாட்குறிப்பில்தான் முதலில் தெளிவாகத் தென்படுகிறது.

அம்மா மட்டும் அன்று ராத்திரி கேட்டாள். "ஏங்க, தினம் ரெண்டு வேளை உங்களுக்குக் காபி போட்டுக் குடுக்கறனே, அதுக்கு எந்த அதிகாரத்துல வசனம் இருக்குது?"

நைனா சிரித்தார். பதில் சொல்லவில்லை. நட்சத்திரத்தை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நைனா குடியை விட்டது அந்தத் தகரக் கூரையின் கீழேதான். சம்பளக் கவர் முழுசாக அம்மா கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அந்தச் சபையைப் பழித்துப் பேச எனக்கு வாய் வராது. இன்றும் அங்கேதான் போகிறேன். பைபிளை நான் பைபிளாகப் படித்தது அங்கேதான். கொடுத்தது பெரிசு என்று எனக்குத் தெரியும். எடுத்துக்கொண்டதைக் கணக்குப் பார்க்கக் கூடாது என்றும் தெரியும். டிசம்பர் வந்தால் பார்த்துவிடுகிறேன்.

முதலில் போனது ஒரு சத்தம். எங்கள் பழைய வீட்டு வாசல் கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள். குளிர்காலத்தில் கதவு உப்பிக்கொள்ளும், தாழ்ப்பாள் சிக்கிக்கொள்ளும். ஆயா உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி இழுப்பாள். டக், டடக். கேரல் ரவுண்ட்ஸ் வரும் ராத்திரிகளில் கேட்கிற சத்தம் அது. எத்தனை மணிக்கு வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பதினொன்றும் ஆகும், மூன்றும் ஆகும். தெருமுனையில் ஒரு டாம்பரின் சிணுங்கும், நாய் குரைக்கும், இருட்டில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாய் ஒரு கும்பல் ஜன்னலுக்குக் கீழே நின்று தொண்டையைச் செருமும். பாட்டு முடிந்த பிறகுதான் கதவு திறக்க வேண்டும், அது ஆயா வைத்த சட்டம். டக், டடக். வாசலில் நின்று, வருஷா வருஷம் அன்றுதான் கேள்விப்பட்டவள் மாதிரிக் கேட்பாள்.

"ராஜா பொறந்துட்டாரா?"

பொறந்துட்டார் ஆயா என்று இருபது பேர் கத்துவார்கள். அந்தக் குரலை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்போது டேப் ரெக்கார்டரே கிடையாது.

பிறகு போனது பூ. இதைப் பெண்களிடம்தான் சொல்ல முடியும். லெந்து நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி இல்லை, தலையில் பூ இல்லை. பூக்காரம்மா தெருவில் கூவிக்கொண்டு போவாள், எங்கள் வாசலில் கூடையை இறக்கமாட்டாள். அவளுக்கும் கணக்குத் தெரியும். பெரிய வெள்ளியன்று வெள்ளைப் புடவை, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஏழு வார்த்தைத் தியானம், முடிந்ததும் வெறும் வயிற்றில் சர்ச் வளாகத்துக் கஞ்சியும் துவையலும். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் போய்வருவாள். ஈஸ்டர் விடியலில், நாலு மணி இருட்டில், ஈரத் தலையில் மல்லிகை ஏறும்போது வரும் வாசம்... நாற்பது நாள் வைக்காமல் இருந்த தலைக்கு மட்டும் தெரிகிற வாசம் அது. சபைக்கு வந்தபின் நாங்கள் பூவே வைப்பதில்லை. வருஷம் முழுக்க லெந்து. ஈஸ்டர் மட்டும் வரவில்லை.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1820களில் இதே பூவுக்குச் சண்டை போட்டிருக்கிறார். புதிதாக வந்த மிஷனரிகள் பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் பூ ஆகாது, தமிழ்க் கீர்த்தனை ஆகாது என்றபோது கோபமாய் எதிர்த்து எழுதினார். அந்தச் சண்டையில் சாதியை விடமாட்டோம் என்கிற பிடிவாதமும் கலந்திருந்தது. அதில் நான் அவர் பக்கம் இல்லை. பூவில் மட்டும் அவர் பக்கம்.

அவருக்கும் முன்னால், இங்கிலாந்தில் பியூரிட்டன் கை ஓங்கியிருந்தபோது 1647இல் பாராளுமன்றமே கிறிஸ்மஸை நிறுத்தியது. மாசசூசெட்ஸில் 1659இல் சட்டம் போட்டு, கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்றார்கள். அதை எடுக்க இருபத்திரண்டு வருஷம் ஆனது. ஸ்காட்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறை ஆனதே 1958இல். கட்டிலுக்கு அடியில் நட்சத்திரத்தைத் தள்ளிய வீடு எங்களுடையது மட்டும் இல்லை என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பொழுது போகும்வரை.

கல்லறைக்குப் போவதும் நின்றது. நவம்பர் 2 சாயங்காலம் ஓசூர் ரோடு கல்லறை முழுக்க மெழுகுவர்த்தி எரியும். தாத்தா கல்லுக்கு அம்மா சுண்ணாம்பு அடிப்பாள். இப்போது அந்த வழியே பஸ்ஸில் போனால் மதில் சுவருக்கு மேல் வெளிச்சம் தெரியும், இறங்குவதில்லை. செப்டம்பர் 8 இன்னும் சங்கடம். ஆகஸ்ட் 29இல் சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா கோவிலில் கொடி ஏறியதிலிருந்து காவி உடுத்தியவர்கள் நகரமெங்கும் நடப்பார்கள். 1974இல் பசிலிக்கா ஆன அந்தக் கோவிலுக்கு நாங்கள் சி.எஸ்.ஐ.யில் இருந்தபோதே போகக் கூடாதுதான். "நாம பிராட்டஸ்டன்ட்டு" என்று சொல்லிக்கொண்டே அம்மா வளையல் வாங்கப் போவாள், ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டு வருவாள். தேர் திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு, கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன் என்பாள்.

அப்புறம் தட்டு. எதிர்வீட்டு ஆபா ரம்ஜானுக்கு ஷீர் குர்மா அனுப்புவாள், பக்ரீதுக்குக் கறி. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அது எங்களிடம் டிசம்பர் வரை காத்திருக்கும். குல்குல், அச்சு முறுக்கு, தேவனஹள்ளிப் பக்கத்துக் கறுப்புத் திராட்சை ஒரு கொத்து, மேலே கேக், அதற்கும் மேலே குரோஷா துணி. அந்த 87 டிசம்பரில் அம்மா தட்டைக் கழுவித் துடைத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு பிடி சர்க்கரையை அதில் போட்டு என்னிடம் கொடுத்தாள். ஆபா வாங்கிக்கொண்டாள். "ஏன் கண்ணு, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றாள். யாரோ செத்த வீடு என்று நினைத்திருப்பாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

எங்கள் சபையில் டிசம்பர் 25 காலையில் உபவாசக் கூட்டம் வைக்கிறார்கள். காரணம், அன்று சர்க்கார் லீவு. டிசம்பர் 31 ராத்திரியோ இடம் கொள்ளாது. பழைய வருஷத்துக்கு ஸ்தோத்திரம், பன்னிரண்டு அடித்ததும் புது வருஷ வாக்குத்தத்த அட்டை. அந்த ராத்திரி ஆராதனை மொரேவியர்களிடம் இருந்தது, அதை வாங்கி 18ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்டுகளிடம் பரப்பியவர் ஜான் வெஸ்லி. அதற்கும் வசனம் கிடையாது. நான் கேட்கவில்லை. கேட்டு, அதையும் நிறுத்திவிட்டால்?

பல வருஷம் கழித்து யோவான் பத்தாம் அதிகாரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, மாரிக்காலம், இயேசு சாலொமோன் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருக்கிறார். அந்தப் பண்டிகை மோசேயின் பிரமாணத்தில் இல்லை. அவர் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் மக்கபேயர்கள் ஏற்படுத்தியது. கொண்டாடப் போனாரா, சும்மா நடந்துகொண்டிருந்தாரா, யோவான் சொல்லவில்லை. கண்டித்ததாகவும் சொல்லவில்லை. ரோமர் பதினாலில் பவுலும் இறங்கிவருகிறார். ஒருவன் ஒரு நாளை உயர்வாக நினைப்பான், இன்னொருவன் எல்லா நாளும் ஒன்று என்பான், அவனவன் மனசில் நிச்சயம் இருந்தால் போதும் என்கிறார். எங்கள் வீட்டில் அந்த நிச்சயம் ஒருவருக்கு இருந்தது. மூன்று பேருக்கு இல்லை. நைனாவிடம் இதைக் காட்ட வேண்டும் என்று பக்கத்தை மடித்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். அம்மா ஏற்கெனவே போயிருந்தாள்.

இப்போது என்ன குறை? நவம்பரிலேயே மாலில் மூன்று மாடி உயரத்துக்கு மரம் நிற்கிறது. போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் ப்ளம் கேக் வாசலுக்கு வருகிறது, கொண்டுவந்த பையன் மணியடித்துவிட்டு லிஃப்டில் இறங்கிப் போய்விடுகிறான். பாட்டு வேண்டுமானால் யூடியூபில் விடிய விடிய ஓடும். மகள் ஒரு மின்சார நட்சத்திரம் வாங்கிவந்தாள். அவள் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு ஹாஸ்டலுக்கே எடுத்துப் போய்விட்டாள்.

எங்கள் அபார்ட்மென்டில் கேரல் என்றால் அசோசியேஷனுக்கு முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும், பத்து மணிக்கு மேல் அனுமதி இல்லை. போன வருஷம் 23ஆம் தேதி ஒரு கும்பல் எதிர் பிளாக்குக்கு வந்தது. வாட்ச்மேனிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் நின்று பாடினார்கள். ஆறாவது மாடி பால்கனி வரை வார்த்தை ஏறி வரவில்லை. டாம்பரின் மட்டும் வந்தது. இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் பெயர் அவர்கள் பட்டியலில் இருக்காது என்று தெரியும். பாட்டு முடிகிற வரை பொறுத்திருந்தேன். பிறகு வாசலுக்குப் போய், சத்தம் வராமல் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, சோபாவில் வந்து உட்கார்ந்தேன்.