அம்மாவின் முட்டியும் வெள்ளிச் சங்கும்

உப்பலுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷமாச்சு. பேங்க் உத்தியோகத்தில் ஊர் மாறுவது பழகிப்போன விஷயம். ஆனால் இந்த ஊரில் நான் மறக்கவே முடியாதது அம்மாவின் இடது முட்டி.

போன வருஷம் முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது. பதினஞ்சாம் நாள் தையல் போட்ட இடத்தில் லேசாக நீர் கசிந்தது. மார்ச் மாசக் கணக்கு முடிக்கிற நேரம். டாக்டருக்கு போன் பண்ணாமல், மெடிக்கல் ஷாப்பில் நானே மாத்திரை வாங்கிக் கொடுத்து ஒரு வாரம் ஓட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது.

உலோகத்தின் மேல் கிருமி ஒட்டிக்கொண்டால், தன்னைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒரு படலம் கட்டிக்கொள்ளுமாம். அப்புறம் மருந்து சுலபத்தில் வேலை செய்யாது. உடனே வந்திருந்தால் திறந்து கழுவியே காப்பாற்ற வாய்ப்பு இருந்தது என்றார் டாக்டர். கடைசியில் முட்டியைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட் வைத்து, ஆறு வாரம் ஊசி போட்டு, மறுபடி புது முட்டி. அம்மா பழையபடி நடக்க எட்டு மாசம் ஆயிற்று.

"ஏன்டா, உனக்கு வெள்ளிச் சங்குலதானே பால் புகட்டினேன். இந்த இரும்புக்கும் வெள்ளி முலாம் பூசினா என்ன?" என்று ஒரு நாள் கேட்டாள். பி.காம் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! தேடிப் படித்தேன்.

பூசுகிறார்கள். எலும்புப் புற்றுநோய்க்காக வைக்கும் பெரிய உலோக மூட்டுகளில் வெள்ளிப் பூச்சு உண்டு. உடைந்த காலெலும்புக்குள் செருகும் கம்பியில் ஜென்டாமைசின் பூச்சும் உண்டு. ஆனால் 1997-ல் செயின்ட் ஜூட் நிறுவனம் இதய வால்வின் தையல் வளையத்தில் வெள்ளி பூசி விற்றது. சிலருக்கு வால்வைச் சுற்றி ரத்தம் கசிந்ததால் 2000 ஜனவரியில் திரும்பப் பெற்றது. கிருமியை விரட்டிய வெள்ளி, நம் திசுவையும் ஒட்டவிடவில்லையோ என்று சந்தேகம்.

உலோகத்தின் மேல் முதலில் இடம் பிடிப்பது நம் செல்லா, கிருமியா என்பது ஒரு பந்தயம் என்று 1987-லேயே கிரிஸ்டினா என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். கிருமியின் காலை வாரிவிடுகிற பூச்சு நம் செல்லின் காலையும் வாரிவிடக் கூடாது. சிக்கல் அங்கேதான்.

தை மாசம் அம்மாவுக்கு வலது முட்டி. வேண்டாம் என்றுதான் சொன்னேன். "நீ லீவு போட்டுட்டுப் பக்கத்துல இரு, போதும்" என்றாள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தாயிற்று. சொத்தைப் பல்லையும் பிடுங்கியாயிற்று. லீவும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது ஆபரேஷன் ஆகித் தையலில் கசிந்தால், மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.