பாதி திறந்த கதவு

மலை ஒன்று, வழி இரண்டு! செங்குத்தாய் எழுந்து, ஏறுவோர் மூச்சை வாங்கும் வழிக்கு ‘ஆண் ஏற்றம்’ என்று பெயர். வளைந்து நெளிந்து, சற்றே தணிந்து செல்லும் வழிக்குப் ‘பெண் ஏற்றம்’ என்று பெயர். பெயர் வைத்தவர் எவரோ, அறியோம். ஆனால், அவர் ஆணாகத்தான் இருந்திருப்பார் என்று துணிந்து சொல்லலாம்!

ஜப்பான் நாட்டில், கனகாவா மாநிலத்தில், இசெஹாரா நகரை அடுத்து நிற்கும் ஓயாமா மலையைத்தான் குறிப்பிடுகிறோம். உயரம் 1,252 மீட்டர். டோக்கியோவில் பணிபுரியும் மகனுடன் ஒரு திங்கள் தங்கியிருந்தபோது, நவம்பர் இறுதியில் ஒரு நாள், அந்த மலைக்குச் சென்று வந்தோம். கோயிலைக் கும்பிட அன்று; கோலம் காட்டும் இலையுதிர் காலத்தைக் காண!

புறப்படும் விடியற்காலையில், “நானும் வருகிறேனே” என்றார் துணைவியார்.

“அது மலை. நூற்றுக்கணக்கில் படிகள். உனக்கு ஆகாது” என்றோம்.

அவர் மறுமொழி கூறவில்லை. உணவுப் பையைத் தோளில் மாட்டிவிட்டார். அவ்வளவுதான். அன்பினால்தான் தடுத்தோம் என்று நம்மை நாமே பாராட்டிக்கொண்டு நடந்தோம்.

ஷின்ஜுக்கு நிலையத்தில் தொடர்வண்டி ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இசெஹாரா, அங்கிருந்து பேருந்து. மகனுக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியை, வழிகாட்ட வந்திருந்தார். ஆங்கிலம் அறிந்தவர், எழுபதைத் தாண்டியவர், முதுகில் பை, கையில் கோல், முகத்தில் முறுவல். மலையடிவாரக் கடைத்தெருவே 362 படிகள். இருபுறமும் மரப்பம்பரம் விற்கும் கடைகள், மலைநீரில் செய்த சோயாக் கட்டியைச் சமைத்தளிக்கும் உணவகங்கள். படி முடிந்த இடத்தில் இழுவை இரயில் காத்திருந்தது. ஏறவில்லை; நடந்தோம். அந்த இரயிலுக்கும் ஒரு கதை உண்டு. 1931இல் ஓடத் தொடங்கியது. போர் வெறி முற்றிய 1944இல் நிறுத்தப்பட்டது. மீண்டும் ஓடியது 1965இல். போர் என்ற பெருந்தீயிலிருந்து தன் வாயிலுக்கு வரும் வண்டியைக்கூட மலைத் தெய்வம் காத்துக்கொள்ளவில்லை!

பெண் ஏற்றத்தில்தான் சென்றோம். வழியில் ஓயாமா புத்தக் கோயில். அதன் படிக்கட்டின் மேல் இருபுறத்து மேப்பிள் மரங்களும் கைகோத்து நின்றன. சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு! குருதியின் சிவப்பன்று, குங்குமத்தின் சிவப்பன்று. அடுப்பில் கனன்று அடங்கப்போகும் தணலின் சிவப்பு. உதிரப்போகும் இலைக்கு இத்தனை ஒளி எதற்கு என்று வியந்தோம். மூதாட்டியார் சிரித்தார். “குளிர் வந்ததும் பச்சையம் சிதைகிறது, சிவப்பு நிறமி உருவாகிறது. பள்ளியில் நான் நடத்திய பாடம் இது” என்றார். காரணம் அறிந்ததால் எழில் குறைந்ததா? இல்லை, கூடியது!

மலையின் மறுபெயரும் அப்படித்தான். ‘அபுரி’ என்பார்கள், ‘மழை பொழியும் மலை’ என்ற பழம்பெயரின் திரிபு. சகாமி வளைகுடாவின் ஈரக்காற்று இம்மலையில் மோதி மேலெழுகிறது, குளிர்கிறது, முகிலாகிறது, மழையாகிறது. உழவர் மலையை வணங்கினர். வணங்கினாலும் வணங்காவிட்டாலும் கடற்காற்று தன் கடமையை மறக்கவில்லை.

எடோ காலத்தில் இம்மலைக்கு ஆண்டுக்கு இரண்டு இலட்சம் பேர் வந்தனர் என்பர். தச்சரும் தீயணைப்போரும் பெரிய பெரிய மரவாள்களைத் தோளில் சுமந்து வந்து காணிக்கையிட்டனர். அன்று புத்தமும் ஷிந்தோவும் ஒரே மலையில் ஒன்றாய்க் கலந்திருந்தன. 1868இல் மெய்ஜி அரசு, இரண்டையும் பிரித்திடுக என்று ஆணையிட்டது. மலையின் நடுவில் இருந்த புத்தக் கோயில் அகற்றப்பட்டது. அந்த இடத்தில் ஷிந்தோ ஆலயம் அமர்ந்தது. புத்தக் கோயில் கீழே இறங்கி, 1885இல் புதுக்கட்டடம் பெற்றது. எண்ணிப் பாருங்கள் தோழர்களே! நூற்றாண்டுகளாய் நிலைபெற்ற தெய்வம், அரசின் ஒரே ஒரு தாளுக்கு இடம்விட்டு இறங்கியது. மலை அசையவில்லை, மழை நிற்கவில்லை!

ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் கீழ் ஆலயம். எதிரே வெயிலில் மின்னியது கடல். மூதாட்டியார் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிந்தார். நாம் ஒதுங்கி நின்றோம். வா என்று எவரும் இழுக்கவில்லை; நீ எவன், எக்குலம் என்று எவரும் கேட்கவுமில்லை. அந்தப் பண்பை மனமார வாழ்த்தினோம்.

“என்ன வேண்டினீர்கள்?” என்று கேட்டோம்.

“ஒன்றுமில்லை. முழங்கால்களுக்கு நன்றி சொன்னேன்” என்றார்.

ஆலயத்தின் பக்கத்தில் ஒரு வாயில், அதற்கப்பால் ஏணிபோல் எழும் கற்படிகள், உச்சிக்கு வழி. அங்கே சற்று நின்றார் அவர்.

“அந்தக் காலத்தில் கோடையில் சில நாள்கள்தாம் இந்தக் கதவு திறக்கும். அதுவும் ஆண்களுக்கு. பெண்ணுக்கு உச்சி இல்லை. இப்போது ஆண்டு முழுதும் ஒரு பக்கக் கதவு திறந்திருக்கிறது. கோடை விழாவில் இரண்டும் திறக்கும்.”

ஏன் பெண்ணுக்கு உச்சி இல்லை? தீட்டு! கடலும் மலையும் கடந்து வந்தும் அந்தச் சொல்லைத்தானா நாம் கேட்கவேண்டும்! ‘ஓயாமா மைரி’ என்று புகழ்பெற்ற நகைச்சுவைக் கதை ஒன்று அந்நாட்டில் உண்டு. குடித்துக் கலகம் செய்தவனின் தலையை உடன் வந்த ஆடவர் மழித்துவிடுகின்றனர். அவன் முந்திக்கொண்டு ஊர் திரும்பி, ‘உங்கள் கணவர்மார் நீரில் மூழ்கி மாண்டனர்’ என்கிறான். வீட்டில் காத்திருந்த பெண்கள் நம்பித் தாமும் தலையை மழித்துத் துறவு பூணுகின்றனர். ஊரே சிரிக்கும் கதை. நமக்குச் சிரிப்பு வரவில்லை. உடன் அழைத்துச் சென்றிருந்தால் அந்தப் பொய் செல்லுபடியாகியிருக்குமா?

1872இல் அரசு மற்றோர் ஆணையிட்டது: ஆலயங்களிலும் மலைகளிலும் பெண்களுக்கு இருந்த தடை ஒழிக! பல மலைகள் திறந்தன. ஆயினும் நாரா மாநிலத்தில் ஓமினே தொடரின் சான்ஜோகதாகே மலைவாயிலில், பெண்ணே வராதே என்னும் கல் இன்றும் நிற்கிறது. 2004இல் உலக மரபுச் சின்னமான வட்டாரத்தில்தான் அந்தக் கல்லும் இருக்கிறது!

தடுத்தவர் தடுத்தனர், நடந்தவர் நடந்தனர். 1832இலேயே தகயாமா தட்சு என்ற பெண், ஆணுடை பூண்டு ஃபுஜி மலை ஏறினார். 1975இல் ஜுன்கோ தாபெய், பனிச்சரிவில் புதையுண்டு மீண்ட பன்னிரண்டாம் நாள், எவரெஸ்ட் உச்சியில் நின்றார், உலகிலேயே முதற்பெண்!

“சட்டம் போய்விட்டது. ஆனால் என் பாட்டி இந்த வாயில்வரை வந்து நின்றுவிடுவார்” என்றார் மூதாட்டியார். “காவலரும் இல்லை, பூட்டும் இல்லை. கால் எழாது. அம்மா ஏறினார். நான் ஆண்டுதோறும் ஏறுகிறேன்.”

ஏறினோம். வேர்களே படிகளான பாதை. கல்லும் மண்ணும் கலந்த ஏற்றம். வட்டத் துளை விழுந்த பாறை ஒன்றைக் காட்டி, ‘தெங்கு’ என்னும் நீள்மூக்குப் பூதம் மூக்கால் குத்திய துளை என்று கதை சொல்லிக் கண்சிமிட்டினார். துளையைப் பார்த்துக்கொண்டே நடந்த நம் கால் ஈர இலையில் வழுக்கியது. விழாமல் பற்றிய கை அவருடையது. ‘உனக்கு ஆகாது’ என்று காலையில் சொன்ன வாய், பேச்சற்று மூடிக்கொண்டது.

உச்சியில், ஃபுஜி மலையின் வெண்முடி தெரிய, உணவுப் பையைத் திறந்தோம். எலுமிச்சைச் சோறு. பெட்டி ஒன்றன்று, இரண்டு! கரண்டியும் இரண்டு. இரவே இருவருக்கும் கட்டி வைத்திருக்கிறார். காலையில் ஒன்றை எடுக்காமலே கொடுத்துவிட்டிருக்கிறார்.

“ஒன்று உங்கள் மனைவிக்கா? அவர் ஏன் வரவில்லை?” என்று கேட்டார் மூதாட்டியார்.

என்ன சொல்வோம்? கால்வலி என்போமா? முப்பது ஆண்டுகள், மழையிலும் வெயிலிலும், நாளும் நான்கு கல் நடந்து சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன கால்கள் அவை! மேடைதோறும் பெண் விடுதலை முழங்கினோம். ஓமினே மலையின் கல்லை எள்ளினோம். நம் வீட்டு வாயிற்படியில், அன்பு என்ற பெயரில், விடியற்காலையிலேயே ஒரு கல்லை நட்டுவிட்டு வந்திருக்கிறோம். தீட்டு என்று தடுத்தான் பழையவன். பாவம் என்று தடுத்தோம் நாம். வாயிலில் நின்றவளுக்கு இரண்டும் ஒன்றுதானே!

“நான் வரவேண்டாம் என்றேன்” என்றோம். உண்மை அதுதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் பெட்டியை வாங்கி, சுவைத்து உண்டார்.

அடுத்த ஞாயிறு மீண்டும் சென்றோம், இருவராக. இரண்டு வழியும் பிரியும் இடத்தில், “எது ஆண் ஏற்றம்?” என்று கேட்டார் துணைவியார். காட்டினோம். அதில் நடந்தார். நாம் பின்னே மூச்சு வாங்கிக்கொண்டு சென்றோம். வாயிலின் ஒரு கதவு அன்றும் திறந்திருந்தது. மறுகதவு மூடித்தான் இருந்தது.

இளந்தோழர்களே! ஆலயக் கதவின் மறுபாதியை அங்குள்ளோர் கோடையில் திறக்கின்றனர். உங்கள் வீட்டுக் கதவின் மறுபாதியை எந்தப் பருவத்தில் திறக்கப்போகிறீர்கள்?