தனிவழியில் ஒரு செம்பு நீர்

காஞ்சிபுரத்திலிருந்து ஆந்திர நாட்டுத் தர்மாவரம் 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். வேலூர், சித்தூர், பலமனேர், மதனப்பள்ளி, கதிரி என ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னே செல்லச் செல்ல, பசுமை குறைந்து பாறைக் குன்றுகள் மிகும். 2023-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த வாரத்தில் ஒரு நாள், விடியற்காலைத் திருப்பலியை நிறைவேற்றிவிட்டு, நமது பழைய மோட்டார் சைக்கிளில் அவ்வழியே தனியே புறப்பட்டோம். "இந்த வெயில்ல தனியாவா போறீங்க, சாமி?" என்று உபதேசியார் கேட்டார். துணை வேண்டாம் என்றோம். அதற்குக் காரணம் துணிவன்று, வெட்கம்.

அந்த வெட்கத்தின் வரலாற்றை முதலில் சொல்லிவிடுவதே முறை.

நம் பங்கில் கூலி நெசவாளர் ஒருவர் உண்டு. கோர்வைச் சேலை நெய்வதில் கைதேர்ந்தவர். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருப்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். அவ்விரண்டையும் இழைக்கு இழை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி கோர்த்து நெய்வதே கோர்வை. அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறிக்குழியில் அமர்ந்த ஒருவரால் மட்டும் அது ஆகாது. ஓரத்தில் இருந்து நாடாவைத் தள்ளித் தர இன்னொரு கை தேவை. இவருக்கு அந்த இன்னொரு கையாய் இருந்தவன் இவருடைய ஒரே மகன்.

அவன் பங்கு இளைஞர் குழுவின் கணக்கையும் பார்த்து வந்தான். 2022 செப்டம்பர் மாதாத் திருவிழா முடிந்து கணக்குப் பார்த்தபோது 4,600 ரூபாய் குறைந்தது. கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும், "கோவில் காசு யாருக்கும் செரிக்காது" என்று பொதுப்படச் சொன்னோம். பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லாக் கண்களும் யார்மேல் திரும்பின என்பதைக் கண்டும் வாளாவிருந்தோம். மறுநாள் காலை அவன் ஊரில் இல்லை.

பின்னர் வந்த தவக்காலத்தில், நமது செபப்புத்தகத்தைப் புரட்டியபோது, மடிந்து கிடந்த சீட்டொன்று கீழே விழுந்தது. திருவிழாக் காணிக்கையிலிருந்து எடுத்துப் பந்தல்காரருக்கு நம் கையாலேயே கொடுத்த 4,600 ரூபாய்க்கான சீட்டு அது. கணக்கில் எழுத மறந்தவர் நாமே.

அன்று மாலையே அந்த வீட்டுக்குச் சென்றோம். முதியவர் சீட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "ஒத்தக் கையா என்ன செய்யறது, சாமி? கோர்வைய விட்டுட்டேன். சாதாக் கரைதான் நெய்யறேன்" என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. மகன் தர்மாவரத்தில் ஒரு தறிக்கூடத்தில் இருப்பதாக அவர் மனைவியார் சொன்னார். தர்மாவரமும் காஞ்சியைப் போலவே பட்டுக்குப் பேர்பெற்ற ஊர். தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் பலர் முன் இழைத்த குற்றத்தைச் செவியோரம் கழுவிவிட மனம் ஒப்பவில்லை.

இதுவே நாம் புறப்பட்ட காரணம். வழிநெடுகிலும் நம் உள்ளம் ஒரு பிரசங்கத்தைத் தயாரித்துக்கொண்டே வந்தது. திருவிழா வேலைகளின் நெருக்கடி, ஞாபகமறதி, நமது நல்லெண்ணம் ஆகியவற்றை முறையாக விளக்கி, இறுதியில் மன்னிப்பில் முடிக்க வேண்டும் என்பது திட்டம். மதனப்பள்ளியில் தேநீர்க் கடைக்காரர் நமது தண்ணீர்ப் புட்டியைச் சுட்டி, நிரப்பிக்கொள்ளும்படி சொன்னார். பாதிக்குமேல் இருக்கிறதே என்று மறுத்துவிட்டோம்.

கதிரியைத் தாண்டி முதிகுப்பாவில் பெருஞ்சாலையை விட்டுத் திரும்பினோம். பழைய அனந்தபூர் மாவட்டத்தின் நிலம் அது. 2022-இல் பிரிந்து ஸ்ரீ சத்ய சாயி மாவட்டம் ஆயிற்று. இரு பருவக்காற்றுகளும் இங்கு வந்து சேருமுன் தம் ஈரத்தை இழந்துவிடுகின்றன. ஆண்டு மழை ஏறத்தாழ 550 மில்லிமீட்டரே. அறுவடை முடிந்த நிலக்கடலைக் கொல்லைகள் செம்மண்ணாய்க் காய்ந்து கிடந்தன. நடுப்பகலில் பின்சக்கரம் காற்றிறங்கிப் போயிற்று. கைப்பேசியில் சிக்னல் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஒரு மணி நேரத்தில் புட்டி காலியாயிற்று.

அப்பொழுது யுவான் சுவாங் நினைவுக்கு வந்தார். ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து புறப்பட்ட அத்துறவி, வழிகாட்டியும் விட்டுச் சென்றபின், கிழக்குதிரை ஒன்றோடு தனியே பாலைவனத்தைக் கடந்தார். தண்ணீர்த் தோற்பை கை நழுவிக் கொட்டிப்போயிற்று. நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரின்றிச் சென்ற அவரை, கடைசியில் ஒரு நீர்நிலைக்குக் கொண்டு சேர்த்தது அந்தக் குதிரைதான். அவ்வாறு பிழைத்தவர் 640-ஆம் ஆண்டளவில் நம் காஞ்சிக்கு வந்து, இங்கு நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள் இருந்ததை எழுதி வைத்தார். தனிவழிப் பயணிகளில் தலையாயவரும் ஒரு வாயில்லாச் சீவனின் தயவால்தான் காஞ்சியைக் கண்டார் என்பதை எண்ணியபடி நடந்தோம்.

வேலமரத்தடியில் ஆட்டுக்காரக் கிழவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அருகே துணி சுற்றிய பிளாஸ்டிக் குடம். நா வறண்டிருந்தது, ஆயினும் கேட்க வாய் வரவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கொடுக்கும் இடத்தில் நின்று பழகியவர்கள் நாம். ஆசீர், அறிவுரை, சிபாரிசுக் கடிதம் எல்லாம் கொடுத்துப் பழகிய கைக்கு ஏந்தத் தெரியவில்லை. வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்து, பத்தடி சென்று, திரும்பி வந்து, நமக்குத் தெரிந்த ஒற்றைத் தெலுங்குச் சொல்லைச் சொன்னோம்: "நீள்ளு."

கிழவர் எழுந்து, செம்பை அலம்பி, நிறைத்து நீட்டினார். "தாகண்டி" என்றார், பருகுங்கள் என்று பொருள். வெதுவெதுப்பான நீர். இரண்டு செம்பு பருகினோம். நாம் யார், எந்த மதம், ஏன் வந்தோம் என்று அவர் கேட்கவில்லை. அவருடைய பேரன் சக்கரத்தைக் கழற்றி எடுத்துச் சென்று சரிசெய்து வந்தான். கடைக்காரனுக்குக் கொடுத்த பணத்தை மட்டுமே பெற்றுக்கொண்டான்.

மீண்டும் வண்டியேறியபோது, தயாரித்த பிரசங்கம் நம்மிடம் இல்லை. சமாரியப் பெண்ணிடம் நம் ஆண்டவர் உபதேசத்தோடு பேச்சைத் தொடங்கவில்லை. தண்ணீர் கேட்டுத் தொடங்கினார். எத்தனையோ முறை நாம் விளக்கிய பகுதி; அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

மாலையில் தறிக்கூடத்தை அடைந்தோம். தறிக்குழியிலிருந்து தலை நிமிர்த்தியவன் நம்மைக் கண்டு திகைத்து எழுந்தான். உடன் வேலை செய்வோர் ஏழெட்டுப் பேர் பார்த்திருந்தனர். சீட்டை அவன் கையில் கொடுத்தோம். "தப்பு என்மேலதான். மன்னிச்சிடுப்பா" என்றோம். வேறொன்றும் சொல்லவில்லை.

அவன் சீட்டைப் படித்தான். நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அப்பாவுக்கு இப்ப கோர்வை யாரு போடறாங்க, சாமி?" என்று கேட்டான். யாரும் இல்லை என்றோம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிறிது கழித்து உள்ளே சென்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அவன் நம்மோடு திரும்பிவிட்டான் என்று எழுத ஆசைதான். வரவில்லை. வாங்கிய முன்பணம் அடையும்வரை அங்கேதான் இருக்க வேண்டும் என்றான். செப்டம்பர் திருவிழாவுக்கு மூன்று நாள் விடுப்பில் வந்தான். கொடியேற்ற நாளில் பங்கு மக்கள் அனைவர் முன்னிலையிலும் பழைய கணக்கை வாசித்து, தவறு நம்முடையது என்று அறிவித்தோம். அந்த மூன்று நாளும் அவ்வீட்டுத் தறியில் கோர்வை ஓடிற்று. தெருவில் நின்று அந்த ஓசையைக் கேட்டோம். பின்பு அவன் மறுபடி சென்றுவிட்டான். நாம் அறுத்த இழையை முழுதும் முடிய நம்மால் இன்னும் இயலவில்லை.

அன்புக் குடும்பத்தாரே, உங்களுள் சிலருக்கும் இப்படி ஒரு பயணம் பாக்கியிருக்கலாம். அது 300 கிலோமீட்டராய் இருக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டின் கூடத்திலிருந்து அடுத்த அறைவரை உள்ள தூரமாகவும் இருக்கலாம். செல்லும்போது விளக்கங்களைச் சுமந்து செல்லாதீர்கள். கையை ஏந்திச் செல்லுங்கள். அந்த முதியவரின் தறிக்கு மறு கை திரும்பிவர, உங்கள் செபமாலையில் ஒரு மணியை ஒப்புக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.