கொதிக்க வச்சாச்சுல்ல?

பரீட்சைக்கு பிராசஸ் காஸ்டிங் படிக்க உட்கார்ந்தேன். 'அப்நார்மல் லாஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் சித்தி வீட்டுப் பாயசம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாத விஷயம். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் கத்திரி வெயில் சமயம், சிவகாசியில் சித்தி வீட்டில் இருந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி சின்னத் தம்பியின் பிறந்தநாள், பால் பாயசம் வைத்தார்கள். அடுப்பை அணைத்த பிறகு, ருசி கூடட்டும் என்று கால் கிலோ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நான்தான் கையால் உதிர்த்துப் போட்டேன். (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவாக்கும். எங்க மாவட்டப் பெருமையைச் சொல்லாம இருக்க முடியல!) அப்போது என் கட்டைவிரலில் நகச்சுத்து. சீழ் கோத்திருந்தது. துணி சுற்றியிருந்தேன், அவ்வளவுதான்.

அன்று சாப்பிட்ட யாருக்கும் ஒன்றுமில்லை. மிச்சம் ஆறட்டும் என்று ராத்திரி முழுக்க வெளியிலேயே இருந்தது. காலையில் ஃப்ரிட்ஜில் வைத்தோம். ஒன்பது மணிக்குப் பராமரிப்புப் பணி என்று கரண்ட் போச்சு, சாயங்காலம் ஐந்துக்குத்தான் வந்தது. பட்டாசு ஆபீஸிலிருந்து ஆறு மணிக்கு வந்த சித்தி மோந்து பார்த்தாள். புளிக்கவில்லை. "ரெண்டு லிட்டர் பாலுடா, கீழ ஊத்த மனசு வருமா? நல்லா கொதிக்க வச்சாச்சுல்ல, ஒண்ணும் செய்யாது." நான் டியூஷன் போய்விட்டேன். தம்பிகள் ரெண்டு பேரும் குடித்தார்கள்.

ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தால் வீடெல்லாம் வாந்தி. ஐந்து வயசுக்காரன் உதடு காய்ந்து, கண் சொருகிக் கிடந்தான். சின்ன உடம்பில் நீர்ச்சத்து எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்று அன்றுதான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றினார்கள். டாக்டர் கேட்டார்: "சமைச்சவங்க கையில புண்ணு ஏதும் இருக்கா?" சித்தி இல்லை என்றாள். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் படித்தேன். சீழில் பெரும்பாலும் இருப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். சூடான பாலில் அது பெருகும்போது ஒரு நச்சை விட்டுவைக்கும். கொதிக்க வைத்தால் பாக்டீரியா செத்துவிடும், நச்சு சாகாது. பாலின் வாசனையும் மாறாது. சில மணி நேரத்திலேயே வாந்தி எடுக்க வைக்கும்.

ஜப்பானில் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கிறது. 2000 மார்ச் 31, ஹொக்கைடோவில் ஸ்னோ பிராண்ட் கம்பெனியின் தைக்கி தொழிற்சாலையில் சுமார் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. பால் சூட்டிலேயே கிடந்தது. அதையும் பால் பவுடராக்கினார்கள். பாக்டீரியா அளவுக்கு மேல் இருந்த பவுடரைக் கொட்டாமல், கரைத்து, மறுபடி பவுடர் செய்தார்கள். லாஸ் காட்டவில்லை, சித்தி மாதிரியே! அந்தப் பவுடர் ஒசாகா தொழிற்சாலைக்குப் போய், கொழுப்பு குறைந்த பாலில் கலந்து, ஜூன் கடைசியிலிருந்து 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படுக்க வைத்தது. முதலில் பழி விழுந்தது ஒசாகாவில் சரியாகக் கழுவாத ஒரு வால்வு மேல். பவுடர்தான் காரணம் என்று ஆகஸ்டில்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டு வால்வு, பால்கோவா கடைக்காரர். சித்தப்பா மறுநாளே போய் நடுத்தெருவில் வைத்துச் சத்தம் போட்டார். நான் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தேன், இறங்கவே இல்லை. எங்கள் பாயசத்தை எந்த லேபிலும் சோதிக்கவில்லை, என் விரல்தான் என்று நிரூபிக்க முடியாது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ராத்திரி நேரத்தில் அது எடுபடுவதில்லை.

தம்பிகள் மூன்றாம் நாளே கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள். சித்தி மட்டும் இன்னும் அந்தக் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அன்றைக்கு அந்த மனிதர் எதிர்த்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "அதே தட்டுல இருந்துதான் அண்ணாச்சி எம் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன்."

வர்ற ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போகிறேன். முதலில் சித்தப்பாவிடமா, கடைக்காரரிடமா என்றுதான் தெரியவில்லை.