ஒரு பெயரும் ஈரெழுத்தும்

நோட்டன் பிரிட்ஜைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, பெற்றோர் இட்ட பெயர். மற்றது, ஒருநாள் உழைப்பு. குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவளுக்கு அன்று ‘அரைப்பேர்’தான். முழுப்பேருக்காகப் பல்லாண்டு மலையேறிய மூதாட்டி ஒருத்தி, ஓய்வுபெற்றபின் தன் சொந்தப் பேரையே நிறுவவேண்டியவளாய் நின்றாள்.

அவளை வள்ளியம்மை என்போம். அடையாள அட்டையிலே அப்பெயர் ஆங்கில ‘வீ’யில் தொடங்கியது, சேமலாப நிதிப் பதிவிலோ ‘டபிள்யூ’வில் தொடங்கியது. தரவுத்தளத்தில் தேடியபோது கிடைத்த விடை, ‘இல்லை’ என்பதே. எழுத்தைத் தேடும் கணனிக்குச் செவி கிடையாது.

செவிக்கு ஈடாக ஒரு முறை உண்டென்று பேரன் படித்திருந்தான். 1918இல் அமெரிக்கரான ராபர்ட் ரசல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது ‘சவுண்டெக்ஸ்’. பெயரின் முதலெழுத்தை நிறுத்தி, உயிரொலிகளை விலக்கி, எஞ்சிய மெய்களை ஒலியினப்படி எண்களாக்குவது அது. முதுமைக்கால உதவி கோரியோரின் வயதை நிறுவும் பொருட்டு, 1880ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டு ஏடுகளின் ஒரு பகுதி இம்முறையில் அட்டவணைப்படுத்தப்பட்டது. அங்கும் முதியோரின் தேவையே அதற்குக் காரணம்.

பேரன் கடதாசியில் கணக்கிட்டுப் பார்த்தான். பாட்டியின் பெயர் ஒருமுறை ‘வீ 450’ ஆயிற்று. மறுமுறை ‘டபிள்யூ 450’ ஆயிற்று. எண் ஒன்றாயினும் முதலெழுத்துப் பிரித்துவிட்டது. மாரி, மேரி, மீரா ஆகிய மூன்று பெயர்களுக்கோ ‘எம் 600’ என்ற ஒரே குறி. ஒருத்தியை இருவராக்கி மூவரை ஒருத்தியாக்கும் செவி அது!

குறை முறையினுடையது மட்டுமன்று. பிறர்நாட்டுப் பெயர்களுக்கு வகுத்த விதி அது. மலையகத்துப் பெயரோ தமிழ் நாவிற் பிறந்து, சிங்களச் செவியில் விழுந்து, ஆங்கில எழுத்தில் படிந்தது. அவ்வழியிலே வகரம் இரண்டெழுத்தாகும், ககரமும் அவ்வாறே, லகர, ளகர, ழகரங்கள் ஒன்றாகும். இவ்வழியை அறிந்த விதியே இம்மக்களைத் தேடிக் கண்டுபிடிக்கும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் இம்மக்களின் வாழ்வைக் கடதாசியில் தொங்கவிட்டன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை அளித்தது. பழைய ஏடுகளின் எழுத்துகள் மட்டும் தாமாகத் திருந்தவில்லை.

ஒத்தொலிக்கும் பெயர்களை அருகருகே நிறுத்துவது கணனியின் பணி. தந்தை பெயரையும் தோட்டத்தையும் வேலைக்குச் சேர்ந்த ஆண்டையும் கேட்டு, ‘இவளே அவள்’ எனத் தெளிவது மனிதனின் கடமை. அவ்விரு பெயர்களையும் ஒருவர் வாய்விட்டு வாசித்திருந்தாற் போதும். இரண்டுக்கும் அம்மூதாட்டி ‘ஆமாங்க’ என்றிருப்பாள்.